கல்யாணத்தில் உதவியவர்களுக்கு நன்றிக் கடிதம் எழுதுவது எப்படி?

உதகைவாசி:
தை மாதத்தில் என் மகளின் திருமணம் உதகையில் நடைபெற்றது. இராமநாதபுரத்திலிருந்து வந்த சம்பந்தி வீட்டார் பலர் ஒரு சால்வைகூட இல்லாமல் உறைபனி இரவில் வந்து இறங்கியபோது, பக்கத்து வீட்டு அம்மா தம் மாடி அறைகளைத் திறந்துவிட்டு, கம்பளிகளைக் கொடுத்து, விடியும்வரை வெந்நீர் காய்ச்சித் தந்தார். அவருக்கும், மேட்டுப்பாளையத்திலிருந்து பனிமூட்டத்தில் வேனை ஓட்டி வந்த ஓட்டுநருக்கும், மொய் எழுதியவர்களுக்கும், பந்தியைக் கவனித்துக்கொண்ட என் மைத்துனருக்கும் கடிதம் எழுத விரும்புகிறேன். ஆனால் ‘தங்கள் உதவியை வாழ்நாள் முழுவதும் மறவோம்’ என்பதற்கு மேல் ஒரு வரியும் வரவில்லை. ஒரே வாசகத்தை அச்சடித்து அனைவருக்கும் அனுப்பிவிடலாமா?

கோத்தகிரி ஆசிரியை:
அழைப்பிதழை அச்சடிக்கலாம், இதைக் கையால் எழுதுங்கள், ஐயா. நீங்கள் குறிப்பிட்ட வாசகம் யாருக்கும் பொருந்துவதால்தான் அது எவரையும் தொடுவதில்லை. அவர் என்ன செய்தார், அதனால் உங்களுக்கு என்ன நடந்தது என்ற இரண்டையும் சொன்னால் கடிதம் தானாக அமைந்துவிடும். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு இப்படி எழுதலாம்: ‘அம்மா, வணக்கம். நீங்கள் கொடுத்த கம்பளிகளால்தான் சம்பந்தி வீட்டுப் பெரியவர்கள் அன்று உறங்கினார்கள். உங்கள் வெந்நீர் இல்லையென்றால் விடியற்காலை முகூர்த்தத்துக்கு அவர்கள் குளித்துத் தயாராகியிருக்க முடியாது. சம்பந்தியம்மா ஊருக்குப் போன பிறகும் உங்களை நலம் விசாரித்தார்.’ இவ்வளவு போதும். ‘இதற்கு ஈடாக’ என்று தொடங்கும் எதையும் சேர்க்காதீர்கள். அது கணக்கைத் தீர்ப்பதாகத் தோன்றும். கம்பளிகளைத் துவைத்து, இந்த மலையில் கிடைக்கும் வெயிலில் நன்றாக உலர்த்தித் திருப்பிக் கொடுக்கும்போது கடிதத்தையும் கையில் கொடுங்கள். வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தராத வழக்கம் நமக்கு இருக்கிறதே, கொஞ்சம் பலகாரமும் இருக்கட்டும்.

கொடைக்கானல் பெரியவர்:
ஆசிரியை சொன்னதை ஏற்கிறேன்; ஆனால் மைத்துனருக்கு எழுத வேண்டாம் என்பது என் கருத்து. தாய்மாமன் முறையில் உரிமையோடு நின்று வேலை பார்த்தவருக்கு நன்றி என்று எழுதினால், ‘என்னை வேற்றாளாக்கிவிட்டார்களே’ என்று அவர் வருந்தக்கூடும். நேரில் சென்று, பந்தியில் யாரும் குறை சொல்லவில்லை என்பதை அவர் வீட்டார் முன்னிலையில் சொல்லுங்கள். மொய்க்கும் கடிதம் தேவையில்லை. நோட்டுப் புத்தகத்தைப் பத்திரப்படுத்தி, அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்வதுதான் முறை. வெளியூரிலிருந்து பணம் மட்டும் அனுப்பியவர்களுக்குக் கிடைத்த விவரத்தைத் தெரிவிக்க வேண்டும். அதை உள்நாட்டுக் கடிதத்தில் எழுதுங்கள். அஞ்சலட்டையில் தொகையைக் குறிப்பிட்டால் வழியில் எல்லோரும் படிப்பார்கள்.

குன்னூர் வேன்காரர்:
ஓட்டுநருக்குக் கொடுக்க வேண்டிய பேட்டாவைக் கொடுத்துவிட்டீர்கள் என்று நம்புகிறேன், ஏனெனில் கடிதம் அதற்கு மாற்றாகாது. பர்லியாற்றுக்கு மேல் மூட்டம் அடர்ந்தபோது, பயணிகள் அவசரப்படுத்தியும் அவர் வண்டியை ஓரங்கட்டிக் காத்திருந்தார் என்பது போன்ற செய்தி ஏதேனும் இருந்தால், அதை வண்டி உரிமையாளருக்கு எழுதி, அதன் நகல் ஒன்றை ஓட்டுநரிடமும் கொடுங்கள். அடுத்த முதலாளியிடம் வேலை கேட்கும்போது அவருக்கு அது உதவும்.

உதகைவாசி:
அப்படியானால் எழுத வேண்டியவை மிகச் சில கடிதங்கள்தாம். கம்பளிகள் காய்ந்ததும் முதல் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன்.