கவுன்சில் வரி பாக்கிக்கு வீட்டுக்குள்ள போட்டோ எடுக்கலாமுங்களா?

கோபிக்காரர்:
ஏனுங்க, தம்பி இங்கிலாந்துல பர்மிங்காம்ல இருக்கான். கவுன்சில் வரி (நம்மூர் வீட்டு வரி மாதிரி, உள்ளாட்சிக்குக் கட்டுறது) பாக்கின்னு வசூலிக்க வந்த பெய்லிஃப் (பாக்கிக்குப் பொருளைப் பறிமுதல் பண்ற ஆளு), வாசல்ல நின்ன காரையும் ஜன்னல் வழியா உள்ளறையையும் போட்டோ எடுத்துட்டுப் போயிட்டாராம். இது சரிதானுங்களா?

நொய்யல்கரை:
காரைப் போட்டோ எடுத்தது சரிதானுங்க, பறிமுதல் பண்ணக்கூடிய பொருளுக்கு அது ஆதாரம். உள்ளறை, குழந்தைங்க படம்னா வேற விஷயம். அங்க தகவல் பாதுகாப்புச் சட்டம் வருது. எதுக்கு எடுத்தோம்னு அவங்க காரணம் சொல்லியாகணும். தம்பியை இன்னைக்கே அந்த பெய்லிஃபோட கம்பெனிக்கு ஈமெயில் போடச் சொல்லுங்க. வழக்கு எண், வந்த தேதி, நேரம் குறிச்சு, தன்னைப் பத்தின படம், வீடியோ எல்லாத்துக்கும் நகல் கேக்கணும். கட்டணமில்லை, பொதுவா ஒரு மாசத்துக்குள்ள தரணும். சட்டையில மாட்டின கேமராப் பதிவைத் தனியா எழுதிக் கேளுங்க, நாள் கடந்தா அழிச்சிருவாங்க. பதில் சரியில்லைன்னா ஐசிஓவுக்கு (அங்க தகவல் பாதுகாப்பைக் கண்காணிக்கிற அமைப்பு) புகார்.

பவானி அக்கா:
போட்டோவை விடக் கதவு முக்கியமுங்க. முதல் தடவை வர்றப்ப இந்த வரிக்காகக் கதவை உடைக்க முடியாது. தாழ் போடாம இருந்தா திறந்துட்டு வரலாம். பொதுவா காலை 6 முதல் இரவு 9 வரைதான் நேரம். உள்ளே விட்டு, பொருள் பட்டியல் ஒப்பந்தத்துல (இந்தப் பொருளெல்லாம் பாக்கிக்குப் பிணை, தவணையில கட்டிடறேன்னு எழுதிக் குடுக்குறது) கையெழுத்துப் போட்டுத் தவணையும் தவறினா, அடுத்து பலவந்தமா நுழைய வழியிருக்கு. பலபேர் சிக்குறது அங்கதான்.

கோபிக்காரர்:
பாக்கி அவன் படிச்சிட்டிருந்த வருசத்துதுங்க.

நொய்யல்கரை:
அட, அப்ப முதல்ல அதைப் பாருங்க! வீட்டுல இருந்த எல்லாரும் முழுநேர மாணவர்னா அந்தக் காலத்துக்கு வரியே கிடையாது. யுனிவர்சிட்டி சான்றிதழைக் கவுன்சிலுக்கு அனுப்பி, கணக்கைத் திருத்துற வரைக்கும் வசூலை நிறுத்தச் சொல்லி எழுத்துல கேக்கட்டும்.