நீர்மருது பட்டை: ஹெக்சேன் சாறுக்கு வளையமே இல்லை, விட்டுவிடலாமா?

குடந்தை மைக்ரோ: எம்.எஸ்சி. இறுதியாண்டு ப்ராஜெக்ட். திருவிடைமருதூர் தலவிருட்சம் மருதமரம் என்பதால் ஆசைப்பட்டு நீர்மருதை எடுத்தேன். பட்டையை நிழலில் காயவைத்துப் பொடித்து ஹெக்சேன், எத்தில் அசிடேட், எத்தனால் என்று வரிசையாகப் பிரித்தேன். வெல் டிஃப்யூஷனில் (பாக்டீரியா பூசிய அகர் தட்டில் கிணறு போட்டுச் சாறு ஊற்றும் சோதனை) ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவுக்கு எத்தனால் சாறு 16 மி.மீ. வளையம் (பாக்டீரியா வளராத வட்டம்) தருகிறது, ஹெக்சேனில் ஒன்றுமில்லை. ஈ.கோலை எதற்கும் அசையவில்லை. ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறனைப் பார்க்கும் டிபிபிஹெச் சோதனையிலும் எத்தனால்தான் முன்னால் நிற்கிறது. ஹெக்சேனைக் கைவிடலாமா?

பெட்ரி: டிஎம்எஸ்ஓ (சாறைக் கரைக்கும் திரவம்) மட்டும் ஊற்றிய கிணறு வைத்தீர்களா? அது இல்லாமல் 16 மி.மீ.க்கு மதிப்பில்லை.

குடந்தை மைக்ரோ: வைத்தேன், அதில் வளையம் இல்லை.

பழைய லேப்காரன்: அவசரப்படாதீர்கள் தங்கச்சி. ஹெக்சேனில் வருவது கொழுப்புத்தன்மை உள்ள பொருள்கள். நீர் நிறைந்த அகரில் அவை பரவாது, பரவாத மருந்துக்கு வளையம் எப்படி வரும்? கிணறு காட்டுவது வீரியத்தையும் பரவலையும் சேர்த்துத்தான். அதனால் இரண்டு சாறுகளின் வளையங்களை ஸ்கேல் வைத்து ஒப்பிடுவதை நான் ஏற்கவே மாட்டேன். எம்ஐசி (வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவு) போடுங்கள். ஹெக்சேன் சாறு பிராத்தில் (திரவ ஊடகத்தில்) கலங்கும், அதனால் உருகிய அகர் 50 டிகிரிக்கு ஆறியதும் அதிலேயே கலந்து தட்டில் ஊற்றி, மேலே பாக்டீரியாவைப் புள்ளியிடுங்கள்.

எத்தனால் சாறுக்கு 96 குழித் தட்டு போதும். ஆனால் உயிருள்ள பாக்டீரியா இருந்தால் நிறம் மாறும் ரெசசூரின் சாயத்தை அப்படியே நம்பாதீர்கள். மருதம் பட்டையில் டானின் நிறைய. பாக்டீரியா இல்லாமலே சாயத்தை நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக்கிவிடலாம். சாறு மட்டும் உள்ள குழி கட்டாயம் வேண்டும். சந்தேகம் வந்தால் குழியிலிருந்து எடுத்துத் தட்டில் கோடிட்டுப் பாருங்கள், வளர்ந்தால் உயிரோடு இருக்கிறது.

டிபிபிஹெச்சிலும் இதே கதைதான். உங்கள் சாறு பழுப்பு, டிபிபிஹெச்சின் ஊதா நிறம் மங்குவதை அளக்கும் 517 நா.மீ.யில் அதுவே ஒளியை உறிஞ்சும். சாறும் மெத்தனாலும் மட்டும் வைத்த குழாயின் அளவைக் கழிக்காவிட்டால் சாறின் திறன் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும்.

ஈ.கோலை அசையாததில் வியப்பில்லை, அது கிராம் நெகட்டிவ் வகை பாக்டீரியா, அதன் வெளிச்சவ்வு சாறைத் தடுக்கும். அந்த முடிவையும் அப்படியே எழுதுங்கள். வளையம் வந்ததை மட்டும் பட்டியலிடும் ஆய்வறிக்கைகளைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது.

மரத்தடி: ஒன்று கேட்க வேண்டும். பட்டையைக் கடையில் வாங்கினீர்களா? நீர்மருது வெளிறி, வழுவழுப்பாக, செதில் செதிலாக உரியும். கருமருது கறுத்து, முதலைத் தோல் போல் வெடித்திருக்கும். பொடித்துவிட்டால் பார்த்து அடையாளம் காண்பது கஷ்டம். இலை, காயோடு ஒரு கிளையைக் கொண்டுபோய் கோவையில் இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்தில் கேளுங்கள்.

குடந்தை மைக்ரோ: காவிரிக்கரையில் ஒரு மரத்திலிருந்து எடுத்தது, அதே மரத்தில் கிளை ஒடிக்க முடியும். அகர் கலவையில் டிஎம்எஸ்ஓ எவ்வளவு வரை போகலாம் அண்ணா?

பழைய லேப்காரன்: 1 சதவீதத்துக்குள் வையுங்கள், அதே அளவு டிஎம்எஸ்ஓ மட்டும் கலந்த தட்டு ஒன்றும் சேர்த்து. அப்புறம், மரத்தைச் சுற்றி வளையமாகப் பட்டை உரிக்க வேண்டாம், பட்டுப்போகும். ஒரு பக்கத்தில் சின்னத் துண்டு போதும்.