டர்போ வண்டிக்கு எந்த பிளக்: ஒரு படி கோல்டா, கம்பெனி ரேஞ்சா?

நாலாம்_கியர் கேட்கிறார்:

வணக்கம். என்னிடம் இருப்பது 1.4 லிட்டர் டர்போ பெட்ரோல் ஹாட்ச்பேக், நான்கு சிலிண்டர், ஸ்பார்க் பிளக் ஒவ்வொன்றுக்கும் தலைமேல் தனிக் காயில் (பொறிக்கு உயர் வோல்டேஜ் கொடுப்பது). 58 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, பிளக் இதுவரை மாற்றவே இல்லை. மூன்று மாதம் முன்னால் ஈசியூ (எஞ்சினை இயக்கும் கணினி) ரீமேப் செய்தேன், ஸ்டேஜ் 1 தான், அதாவது மென்பொருள் மட்டும், ஏறக்குறைய 25 ஹெச்பி கூடியிருக்கும். அதிலிருந்து நாலாவது கியரில் 2500 ஆர்பிஎம் வாக்கில் ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதித்தால் வண்டி இரண்டு மூன்று தடவை தும்முகிறது, அப்புறம் எதுவுமே நடக்காத மாதிரி இழுக்கிறது. ஐடிலில் பிரச்சினை இல்லை, மெதுவாக ஓட்டினாலும் இல்லை. ஒரு முறை செக் எஞ்சின் லைட் எரிந்து தானாக அணைந்தது.

கம்பெனி போட்டது என்ஜிகே பிளக், ஹீட் ரேஞ்ச் 7. ஒரு படி கோல்டாக 8 போடு என்கிறார் ஒருவர். டர்போவுக்கு இரிடியம் நுனி பிளக்கே வேண்டாம், சாதாரண காப்பர் போட்டு அடிக்கடி மாற்று என்கிறார் இன்னொருவர். எதைக் கேட்பது?

முழுமிதி:

டியூன் செய்தாச்சு என்றால் ஒரு படி கோல்டு, இதில் யோசிக்க என்ன இருக்கிறது. 8 போடுங்கள். நான் போட்டேன், வண்டி பறக்கிறது.

கரிக்கோடு:

தலைவரே, 8 போட்டதும் பறந்தது என்றால் அது புது பிளக் போட்டதால் பறந்தது, 8 என்பதால் இல்லை. இந்த ஹீட் ரேஞ்ச் விஷயத்தை எல்லாரும் தீப்பொறியின் பலம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதற்கும் பொறிக்கும் சம்பந்தமே கிடையாது. பிளக்கின் நுனி தன் சூட்டை எவ்வளவு சீக்கிரம் சிலிண்டர் ஹெட்டுக்குக் கடத்துகிறது, அவ்வளவுதான் அந்த எண் சொல்வது. ஒரே தொடரில் 6ஐயும் 8ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், உள்ளே வெள்ளைப் பீங்கான் மூக்கு ஒன்றில் நீளமாகவும் ஒன்றில் குட்டையாகவும் இருக்கும். நீளமாக இருந்தால் சூடு வெளியேறத் தூரம் அதிகம், அது ஹாட் பிளக். குட்டை மூக்கு கோல்டு.

நுனி சுமார் 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் படிந்த கரி எரிந்து போகும். 850க்கு மேலே போனால் பொறி வருவதற்கு முன்பே நுனியின் சூட்டிலேயே பெட்ரோல் பற்றிக்கொள்ளும், பிஸ்டனில் ஓட்டை விழுவது அப்படித்தான். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கத்தான் ரேஞ்ச். ஒரு படி மாற்றினால் நுனியில் 70 முதல் 100 டிகிரி வரை இறங்கும். 75 முதல் 100 ஹெச்பி கூட்டினால் ஒரு படி கோல்டு என்பது பழைய கணக்கு. நீங்கள் கூட்டியது 25. கடைவீதிக்குப் போய் வருகிற வண்டியில் 8 போட்டால் நுனி சூடேறாமல் கரி படிந்து, அந்தக் கரி வழியாகவே கரண்ட் ஒழுகி, இப்போது இல்லாத மிஸ் (பொறி தவறுவது) புதிதாக வரும்.

சரி, தும்மல் ஏன்? நீங்கள் சொன்ன இடம்தான் துப்பு. 2500இல் முழு மிதி என்றால் உங்கள் வண்டியில் டார்க் (எஞ்சினின் முறுக்குவிசை) உச்சத்தில் இருக்கும், சிலிண்டருக்குள் காற்று அடைத்துக்கொண்டு நிற்கும். அடர்த்தியான காற்றைத் தாண்டிப் பொறி குதிக்க அதிக வோல்டேஜ் வேண்டும். 58 ஆயிரத்தில் நுனி தேய்ந்து கேப் (பொறி குதிக்கும் இடைவெளி) அகன்றிருக்கும், அதுவும் வோல்டேஜ் கேட்கும். ரீமேப்பில் ஏறிய பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) மூன்றாவதாகக் கேட்கிறது. காயிலால் கொடுக்க முடியவில்லை, பொறி அணைகிறது. எதையும் வாங்குவதற்கு முன் நான்கையும் கழற்றி கேப் அளந்து இங்கே போடுங்கள்.

இன்னொன்று, என்ஜிகேயிலும் டென்சோவிலும் எண் ஏறினால் கோல்டு. போஷில் எண் ஏறினால் ஹாட். பெட்டி மாறி வாங்கிவிடாதீர்கள்.

ஈரக்கை:

காப்பர் கேள்விக்கு நான் வருகிறேன். காப்பர் பிளக் என்பது பேச்சுவழக்குதான், செம்பு எல்லா பிளக்கிலும் உள்ளே நடுவில் இருக்கிறது, வெளியே பொறி விழும் இடம் நிக்கல். நிக்கல் 1455 டிகிரியில் உருகும், இரிடியம் 2446இல். அதனால்தான் இரிடியத்தை 0.4, 0.6 மில்லிமீட்டர் கம்பியாக மெல்லிசாக்கிவிடலாம், நிக்கலில் அது 2.5 வரை தடியாக இருக்கும். மெல்லிய நுனியில் பொறி குறைந்த வோல்டேஜிலேயே குதிக்கும். டர்போவில் வோல்டேஜ்தான் தட்டுப்பாடு, அப்புறம் ஏன் தடியான நுனி? ரேஸ் வண்டிக்காரர்கள் வாராவாரம் மாற்றுவார்கள், அவர்களுக்குச் சரி. நமக்கு 25 ஆயிரத்துக்கு ஒரு தடவை காயிலைக் கழற்ற நேரமில்லை.

கேப் அளக்கும்போது காசு மாதிரி வட்டமாக ஓரம் தடித்துக்கொண்டே போகும் கேஜ் வேண்டாம். நடு நுனியை நெம்பிவிடும், இரிடியம் ஒடியும். கம்பி கேஜ் எடுங்கள், வளைக்க வேண்டியது மேலே உள்ள நிக்கல் கொக்கியை மட்டும். நான் ஒரு முறை புது பிளக்கைத் தரையில் நழுவவிட்டு, துடைத்துவிட்டு அப்படியே போட்டேன். பார்க்க ஒன்றுமில்லை. இரண்டு வாரம் காயில், இன்ஜெக்டர் என்று சுற்றிவிட்டுக் கடைசியில் கழற்றிப் பார்த்தால் பீங்கானில் முடிபோல ஒரு கறுப்புக் கோடு. விழுந்த பிளக் குப்பைக்கு, பேச்சே இல்லை.

நாலாம்_கியர்:

இன்று காலை எஞ்சின் முழுசாக ஆறியபின் கழற்றினேன். கேப்: முதல் சிலிண்டர் 0.90 மில்லிமீட்டர், இரண்டு 0.95, மூன்று 0.90, நாலு 0.92. வண்டிப் புத்தகத்தில் 0.7 முதல் 0.8 என்று இருக்கிறது. நுனிகள் நான்கும் வெளிர் பழுப்பு. ஆனால் பீங்கான் இரும்பைச் சேரும் இடத்தில், வெளிப்பக்கம், காபிக்கறை மாதிரி ஒரு வளையம். கேஸ் கசிகிறதா? அப்புறம் இரண்டாவது பிளக் குழியில் கொஞ்சம் ஆயில்.

கரிக்கோடு:

வெளிர் பழுப்பு என்றால் ரேஞ்ச் சரியாக இருக்கிறது, 8 பேச்சை இத்தோடு விடுங்கள். அந்த வளையம் கசிவு இல்லை, கரோனா கறை. உயர் வோல்டேஜ் சுற்றியுள்ள காற்றில் மிதக்கும் எண்ணெய்த் துகளை இழுத்து ஒட்டவைக்கிறது. அதனால் கெடுதல் எதுவும் இல்லை.

அதே 7 ரேஞ்ச் இரிடியம் வாங்கி 0.7க்கு வையுங்கள். பூஸ்ட் ஏற்றிய வண்டிக்குப் புத்தகத்தின் கீழ் எல்லைதான் நல்லது. அதற்கும் கீழே 0.6 என்று போகத் தேவையில்லை, பொறி சின்னதானால் ஐடில் நடுங்கும். மரையில் கிரீஸ், ஆன்டி சீஸ் (மரை இறுகிப்போகாமல் தடவும் பசை) எதுவும் தடவாதீர்கள், முலாம் பூசியே வருகிறது. வழுக்கினால் டார்க் ரெஞ்ச் அதே எண்ணைக் காட்டும், உள்ளே மரை அதிகமாக இழுபடும், அலுமினிய ஹெட் தாங்காது. 12 மில்லி மரை என்றால் 15 முதல் 20 நியூட்டன் மீட்டர், 14 என்றால் 25 முதல் 30. முதலில் கையாலேயே கடைசிவரை திருகுங்கள்.

அந்த ஆயில் எனக்குப் பிடிக்கவில்லை. வால்வ் கவர் கேஸ்கெட்டில் பிளக் குழி சீல் போயிருக்கும். காயிலின் ரப்பர் பூட் (பிளக்கின் மேல் மாட்டும் உறை) அதில் ஊறினால் உப்பிப்போகும், பொறி பிளக்குக்குள் போகாமல் பூட் வழியே ஹெட்டுக்குத் தாவிவிடும்.

முழுமிதி:

சரி சரி, என் வண்டியில் 60 ஹெச்பி கூடுதல், அதைச் சொல்லாமல் விட்டது தப்புதான். ஆனாலும் காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் கரகரக்கிறது, அது இந்த 8ஆலா?

கரிக்கோடு:

கழற்றிப் படம் போடுங்கள். நுனி கறுப்பாக, காய்ந்த மசி மாதிரி இருந்தால் ஆமாம்.

நாலாம்_கியர்:

புது பிளக் நான்கும் 0.7க்கு வைத்துப் போட்டு ஒரு வாரம் ஓட்டினேன். முழு மிதி தும்மல் முக்கால்வாசி போய்விட்டது. மழை பெய்த அன்று மட்டும் ஒரு முறை வந்தது, ஸ்கேனரில் பி0302, அதாவது இரண்டாவது சிலிண்டரில் மிஸ். குழி ஆயிலைத் துடைத்துவிட்டு இரண்டாவது காயிலையும் மூன்றாவது காயிலையும் இடம் மாற்றினேன். நேற்று மறுபடி மழை, மறுபடி தும்மல், இந்த முறை பி0303, மூன்றாவது சிலிண்டர். பூட்டை விரித்துப் பார்த்தால் உள்ளே நீளவாக்கில் பென்சில் கீறல் மாதிரி ஒரு கோடு. காயிலும் சீலும் ஆர்டர் போட்டாச்சு.

ஈரக்கை:

சீல் வருவதற்கு முன்னால் புதுக் காயிலை மாட்டிவிடாதீர்கள், அதுவும் ஊறிவிடும்.