காவல் வாயிலும் கழிவுத் தொட்டியும்: ராணுவப் பொழுதுபோக்கு வளாகங்களில் ஆர்.வி.யோடு தங்கியவர்களின் அனுபவங்கள்

சான் அன்டோனியோ, டெக்சாஸ்

அமெரிக்கப் படைத்தளங்களுக்குள்ளும், அவற்றுக்குச் சொந்தமான ஏரிக்கரை, கடற்கரை வளாகங்களிலும் ஆர்.வி.யை, அதாவது படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ள வண்டியை, நிறுத்திக் குடும்பத்தோடு தங்கலாம் என்பது நம்மவர் பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களும், அது பணியில் இருப்பவர்களுக்கும் ஓய்வூதியம் பெறுபவர்களுக்கும் மட்டுமே என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் 2013-இல் 'மாவ்னி' திட்டத்தின் வழியாகத் தரைப்படையில் சேர்ந்தவன். குறிப்பிட்ட சில மொழிகள் அறிந்த வெளிநாட்டவரை நிரந்தரக் குடியிருப்பு அட்டைகூட இல்லாத நிலையில் படையில் சேர்த்துக்கொண்ட அந்தத் திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. முழங்காலில் பட்ட அடியோடு வெளியே வந்த எனக்கு, ஓய்வூதியம் வாங்கும் அளவுக்குப் பணிக்காலம் இல்லாததால், முதலில் இந்த வசதி கிடைக்கவில்லை. பணியால் உடற்குறை ஏற்பட்ட முன்னாள் படையினர் அனைவருக்கும் படைத்தளக் கடைகளையும் பொழுதுபோக்கு வசதிகளையும் திறந்துவிடும் சட்டம் 2018-இல் நிறைவேறி, 2020 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகுதான், முன்னாள் படையினருக்கான மருத்துவ அடையாள அட்டையைக் காட்டி நான் உள்ளே போகத் தொடங்கினேன். ஆனால் அந்த உரிமை அட்டை வைத்திருப்பவருக்குத்தான் உண்டு. என்னைப் போன்றவர்களின் மனைவி மக்கள் எங்களோடு வரும் விருந்தினராகவே கருதப்படுவார்கள்.

இந்த வேறுபாட்டை நான் சரியாகப் புரிந்துகொள்ளாததால் முதல் பயணத்திலேயே அவமானப்பட நேர்ந்தது. மதுரையிலிருந்து சுற்றுலா விசாவில் வந்திருந்த அப்பா அம்மாவையும் ஏற்றிக்கொண்டு, முப்பது அடி நீள டிரெய்லரை இழுத்தபடி, ஒரு விமானப் படைத்தளத்தின் பிரதான வாயிலுக்குப் போய்ச் சேர்ந்தேன். முன்பதிவு இருந்தது, என் அட்டையும் இருந்தது. ஆனால் பெரிய வண்டிகளைச் சோதிப்பதற்கென்று வேறொரு வாயில் இருப்பதை நான் விசாரிக்கவில்லை. வெளிநாட்டுக் குடிமக்களை அழைத்துச் செல்ல முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும் என்பதையும் விசாரிக்கவில்லை. எனக்குப் பின்னால் வேலைக்குப் போகிறவர்களின் கார்கள் வரிசையாக நிற்க, காவலில் இருந்த இளைஞர் மரியாதை குறையாமல் எதிர்த் தடத்தை மறித்து, டிரெய்லரைத் திருப்புவதற்கு வழி செய்து கொடுத்தார். நான்கு முறை முன்னும் பின்னும் எடுத்துத்தான் திருப்ப முடிந்தது. "என்னை இறக்கி விட்டுட்டு நீங்க மட்டும் போங்கப்பா" என்று அம்மா சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. தவறு முழுவதும் என்னுடையது.

அதன் பிறகு, பெற்றோர் உடன் வரும்போது படைத்தளத்தின் வேலிக்கு வெளியே தனியாக அமைந்த வளாகங்களையே தேடிப் போகிறேன். அரிசோனாவில் ஃப்ளாக்ஸ்டாஃப் அருகே, சுமார் 7,000 அடி உயரத்தில், லூக் விமானப் படைத்தளம் நடத்தும் ஃபோர்ட் டட்ஹில் இப்படிப்பட்டது. 1920களின் இறுதியில் அரிசோனா தேசியக் காவல் படையின் கோடைக்காலப் பயிற்சி முகாமாகத் தொடங்கிய இடம் அது. தென் கரோலினாவில் மவுல்ட்ரி ஏரிக்கரையில் ஷார்ட் ஸ்டே இருக்கிறது. வட கரோலினாவில் குரே கடற்கரையை ஒட்டி விமானப்படையின் ஃபோர்ட் ஃபிஷர் இருக்கிறது. இங்கெல்லாம் அட்டைதாரர் உடன் இருக்க வேண்டும் என்பது மாறாது. விருந்தினர் விதிகளைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

டம்ப் ஸ்டேஷன், அதாவது ஆர்.வி.யின் கழிவுநீரை இறக்கும் இடம், அங்கே பட்ட அனுபவத்துக்கு வருகிறேன். அப்பா குடிநீர் வடிகால் வாரியத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓர் ஏரிக்கரை வளாகத்திலிருந்து கிளம்பும் காலையில், கழிவுநீர் இறக்கும் மேடைக்கு அருகே வண்டியை நிறுத்தி, மூன்று அங்குலக் குழாயை வண்டியின் கழிவுத் திறப்பில் திருகிப் பூட்டி, மறுமுனையைத் தரையில் இருந்த நான்கு அங்குலத் துளையில் செருகினேன். கறுப்புத் தொட்டியின், அதாவது கழிப்பறைக் கழிவு சேரும் தொட்டியின், வால்வை இழுக்கப் போனபோது அவர் கையைக் காட்டித் தடுத்தார். "வாட்டமே இல்லையேடா, நடுவுல தொய்ஞ்சு கிடக்கு. எப்படி வடியும்?" என்றார். நான் வால்வைத் திறந்தேன். குழாயின் கண்ணாடி போன்ற முழங்கை வழியாகப் பழுப்பு நிறத்தில் விரைந்து ஓடியது, ஒரு நிமிடத்துக்குள் தயங்கி நின்றது. அவர் சொன்ன அதே தொய்வில் தேங்கிக் கிடந்தது. அவர் எதுவும் சொல்லாமல் என்னிடமிருந்து ஒரு ஜோடி கையுறையை வாங்கி அணிந்து, வண்டிப் பக்கத்தில் குழாயைத் தூக்கிப் பிடித்து, கைமேல் கை மாற்றித் துளையை நோக்கி நடந்தார். தேங்கியது முழுவதும் இறங்கிவிட்டது. அனுபவசாலிகளான ஆர்.வி. காரர்கள் இதைத்தான் செய்கிறார்கள் என்பதைப் பிறகு பார்த்துத் தெரிந்துகொண்டேன். அடுத்ததாகச் சாம்பல் தொட்டியை, அதாவது சமையலறை, குளியலறைத் தண்ணீரைத் திறந்தோம். அந்தச் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும் என்பதால்தான் கறுப்பை முதலிலும் சாம்பலை அடுத்தும் திறக்க வேண்டும்.

வர்ஜீனியா பீச், வர்ஜீனியா

என் கணவர் கடற்படையில் இருபது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மேலே எழுதியிருக்கும் சகோதரருக்குக் காவல் வாயில் கற்றுக்கொடுத்த பாடத்தை எனக்குக் கீ வெஸ்ட் கடற்படை விமானத் தளத்தின் சிக்ஸ்பீ முகாமிடம் கற்றுக்கொடுத்தது. குளிர்காலத்தில் அங்கே இடத்துக்குப் பெரும் போட்டி. தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் இணைப்பு எதுவும் இல்லாத திறந்த வெளியில் முதலில் தங்கி, முறை வரும்போது இணைப்புள்ள இடத்துக்கு மாற வேண்டும் என்பதுதான் நாங்கள் போனபோது இருந்த முறை. கடல் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதால் யாரும் அதைப் பெரிய குறையாக எடுத்துக்கொள்வதில்லை.

இணைப்பு இல்லாத நாள்களில் ஆர்.வி.யை அசைக்காமல் கழிவை மட்டும் எடுத்துச் செல்ல, சக்கரம் வைத்த பிளாஸ்டிக் தொட்டி ஒன்று விற்கிறார்கள். பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். எங்கள் கறுப்புத் தொட்டி 40 காலன், அதாவது ஏறக்குறைய 150 லிட்டர் கொள்ளும். நாங்கள் வாங்கியிருந்த நீலத் தொட்டி 25 காலன்தான். வால்வைத் திறந்துவிட்டுப் பக்கத்து வண்டிப் பெண்ணோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்புவதற்குள் காற்றுத் துளை வழியாகப் பொங்கத் தொடங்கிவிட்டது. பாய்ந்து போய் வால்வைத் தள்ளி மூடினேன். பக்கத்து வண்டிப் பெண் ஒரு வாளித் தண்ணீரும் பிளீச்சும் கொண்டு வந்து, முகம் சுளிக்காமல் என்னோடு நின்று தரையைக் கழுவினார். அவருடைய கணவர் அட்மிரலா, மாலுமியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நிரம்பிய தொட்டி 95 கிலோவுக்குக் குறையாமல் கனக்கும் என்பதால் கையால் இழுக்க முடியாது. காரின் கொக்கியில் மாட்டி, நடைவேகத்தில் டம்ப் ஸ்டேஷனுக்குக் கொண்டு போனோம். இப்போதெல்லாம் நீலத் தொட்டியின் அளவுகாட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒரு கையை வால்விலேயே வைத்திருக்கிறேன்.

கில்லீன், டெக்சாஸ்

நான் இன்னும் பணியில் இருக்கிறேன். எங்கள் தளத்துக்கு ஃபோர்ட் ஹூட் என்று இருந்த பெயரை 2023-இல் ஃபோர்ட் கவாசோஸ் என்று மாற்றி, 2025-இல் மறுபடியும் ஃபோர்ட் ஹூட் ஆக்கிவிட்டார்கள். அதற்குச் சொந்தமான பெல்டன் ஏரிப் பொழுதுபோக்கு வளாகத்தைத் தேடி வருகிறவர்கள் எந்தப் பெயரை வரைபடத்தில் தட்டுவது என்று குழம்புவதை நானே பார்த்திருக்கிறேன்.

நான் சொல்ல வந்தது வேறொரு தளத்தில் நடந்தது. மாலை ஐந்து மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது டம்ப் ஸ்டேஷனில் வால்வைத் திறந்துவிட்டேன். பீரங்கி ஒலியும் அதைத் தொடர்ந்து கொடி இறக்கும் எக்காள இசையும் கேட்டன. அந்த நேரத்தில் தளத்துக்குள் நடப்பவர் நிற்க வேண்டும், வண்டி ஓட்டுபவர் ஓரம் கட்ட வேண்டும், சாதாரண உடையில் இருப்பவர் கொடி இருக்கும் திசை நோக்கி நெஞ்சில் கை வைக்க வேண்டும். என் இரண்டு கையிலும் கழிவு தெறித்த ரப்பர் கையுறை. குழாயை விட்டால் துளையிலிருந்து எகிறிவிடும் என்ற பயம். எனக்கு அடுத்து வரிசையில் நின்ற முதியவர், பழைய தரைப்படைத் தொப்பி அணிந்தவர், நிதானமாகத் தன் காலை எடுத்து என் குழாயின் முனையை மிதித்துக்கொண்டு, நெஞ்சில் கை வைத்து விறைப்பாக நின்றார். நான் வலது கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் நின்றேன். இசை முடியும் வரை தொட்டி வடிந்துகொண்டே இருந்தது.

ஹன்ட்ஸ்வில், அலபாமா

நான் பாதுகாப்புத் துறையின் சிவில் பணியாளர். எங்களையும் பெரும்பாலான முகாமிடங்களில் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் இடம் பதிவு செய்யும் வரிசையில் பணியில் உள்ள படையினருக்கே முன்னுரிமை. டம்ப் ஸ்டேஷனை மட்டும் பயன்படுத்திவிட்டுப் போகலாம் என்று எண்ணி வருபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சில இடங்களில் அட்டை இருந்தால் போதும், சில இடங்களில் சிறு கட்டணம் உண்டு, சில இடங்களில் அங்கே தங்குபவர்களைத் தவிர வேறு யாரையும் விடுவதில்லை. ஊர் ஒதுக்குப்புற வளாகங்கள் பலவும் நகரச் சாக்கடையோடு இணையாமல் செப்டிக் டேங்கை நம்பி இருப்பதால் அந்தக் கண்டிப்பு எனக்கு நியாயமாகவே படுகிறது. அதே காரணத்தால், ஃபார்மால்டிஹைடு கலந்த தொட்டி மருந்துகளைச் செப்டிக் டேங்கில் கொட்டக் கூடாது. மலத்தை மக்கச் செய்யும் பாக்டீரியாவை அது கொன்றுவிடும்.

இன்னொன்று, என் சொந்த மடமையின் பதிவு. முழு இணைப்பு உள்ள இடத்தில் தங்கியபோது, எதற்கு அடிக்கடி திறந்து மூடுவது என்று கறுப்புத் தொட்டியின் வால்வை ஒரு வாரம் திறந்தே வைத்திருந்தேன். தண்ணீர் எல்லாம் உடனுக்குடன் ஓடிவிட, திடப்பொருள் மட்டும் கழிப்பறைக்கு நேர் கீழே கோபுரம்போல் குவிந்து இறுகிவிட்டது. அதைக் கரைக்க இரண்டு நாள் தண்ணீரை நிரப்பி ஊற வைக்க வேண்டியிருந்தது. வால்வை மூடியே வைத்திருந்து, தொட்டி மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் ஒரே வேகத்தில் திறந்துவிடுவதுதான் முறை.

சான் அன்டோனியோ, டெக்சாஸ்

கில்லீன் நண்பர் எழுதியதைப் படித்துவிட்டு வீட்டில் எல்லோரும் சிரித்தோம். டம்ப் ஸ்டேஷன் மேடையில் உள்ள இரண்டு தண்ணீர்க் குழாய்களைப் பற்றித் தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். கழிவுத் துளைக்கு அருகே இருப்பது கழுவுவதற்கு மட்டுமே. குடிக்க உதவாது என்று அதில் பலகையே தொங்கும். குடிதண்ணீர் பிடிக்கும் குழாய் சற்றுத் தள்ளி இருக்கும். நம் குடிதண்ணீர் ஹோஸை முதல் குழாயில் மறந்தும் மாட்டக் கூடாது. முன்னால் வந்தவர் அதன் வாயை எதில் தொட்டுக் கழுவினாரோ யாருக்குத் தெரியும்.

குழாய் தொய்யாமல் தாங்கும் மடக்குத் தாங்கி ஒன்றைப் பிறகு வாங்கிவிட்டேன். துருத்திபோல் விரியும்; ஒரு முனை உயரமாகவும் மறுமுனை தாழ்வாகவும் இருக்கும். அதன் புகைப்படத்தை அப்பாவுக்கு அனுப்பியபோது, "இது சரி. ஆனா கடைசி ரெண்டு அடியில வாட்டம் கம்மி" என்று மதுரையிலிருந்து பதில் வந்தது. அளந்து பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். கடைசி இரண்டு அடிக்கு ஒரு பலகைத் துண்டை இப்போது வண்டியில் வைத்திருக்கிறேன்.