புதுப்பிப்பு: பேஸ் கிற்றாரில் இரைச்சலை அடக்கியது ஸ்பொஞ்ச் பஞ்சுதான், மூடி அல்ல

போன மாதம் கேட்டிருந்தேன்: என் பேஸ் கிற்றாரில் அடுத்த சுரம் வந்த பிறகும் முந்தினது இரைந்துகொண்டே இருக்கிறது, பிரிட்ஜுக்கு (கம்பிகளை உடல் பக்கத்தில் தாங்குகிற பகுதி) மேலே மூடி போட்டால் அடங்குமா என்று. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

மூடி மட்டும் போட்டேன். ஒலி மாறவில்லை, உள்ளங்கையால் அமத்தவும் இடமில்லாமல் போனது. "வேலை செய்வது உள்ளே வைக்கிற பஞ்சு" என்று ஒருவர் சொன்னதே சரி. பெண்டர் கம்பனியின் பழைய பிரிசிஷன் பேஸ்களில் மூடிக்குள்ளேயே அது இருந்தது. அமெரிக்க பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்ததும் அப்படித்தான்.

மட்டக்களப்பில் கதிரை மெத்தை தைக்கிற கடையில் ஸ்பொஞ்ச் துண்டு வாங்கி, பிரிட்ஜை ஒட்டிக் கம்பிகளுக்குக் கீழே செருகினேன். முதலில் தடிப்புக் கூடி, மெல்லிய ஜி கம்பி செத்தே போனது. அதற்குக் கீழே மட்டும் பிளேட்டால் சீவிச் சீவிக் குறைத்தேன். இப்போது ஒவ்வொரு சுரமும் 'தும்' என்று விழுந்து உடனே ஓய்கிறது. அவ்வளவு அழகு!

எதிர்பாராதது இரண்டு. பஞ்சு கீழிருந்து தள்ளுவதால் சுருதி கொஞ்சம் ஏறிவிடும். செருகிய பிறகே சுருதி சேருங்கள். அப்புறம், எங்கள் வீடு கல்லடிக் கடற்கரைப் பக்கம். உப்புக்காற்று ஈரம் பஞ்சில் தங்கி, 3 கிழமைக்குள் கம்பிகளில் அந்த இடத்தில் துருப்பொட்டு. இப்போது வாசித்து முடிந்ததும் கழற்றி வைக்கிறேன்.