1831 அமெரிக்க அரை டாலர்: எழுத்து தேய்ந்ததா, அச்சே விழவில்லையா?

கேள்வி (பசுமலை):

வணக்கம். எங்கள் தாத்தாவின் மரப்பெட்டியில் 1831ஆம் ஆண்டு அமெரிக்க அரை டாலர் வெள்ளி நாணயம் ஒன்று கிடைத்தது. 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள் வழியாகக் கைமாறியது என்று வீட்டில் சொல்வார்கள். எழுத்துச் சான்று எதுவும் இல்லை. முகப்பில் தொப்பியணிந்த பெண்ணுருவத்தின் தலைப்பட்டையில் ‘லிபர்ட்டி’ என்ற சொல்லின் ஏழு எழுத்துகளும் தெளிவாக உள்ளன. ஆனால் மறுபுறம், கழுகுக்கு மேலே உள்ள நாடாவில் ‘இ ப்ளூரிபஸ் யூனம்’ என்ற லத்தீன் வாசகத்தின் நடுவில் நான்கைந்து எழுத்துகள் இருந்த சுவடே இல்லை. மதுரை தெற்காவணி மூல வீதி நகைக்கடை ஒன்றில் எடை பார்த்தபோது 13.31 கிராம் இருந்தது. நாணயம் வாங்கி விற்கும் ஒருவர், வாசகம் அழிந்துவிட்டதால் இது ‘வெரி குட்’ தரத்தை (பெயர் அப்படி இருந்தாலும், நன்கு தேய்ந்த நாணயத்துக்குத் தரும் கீழ்த்தரம் அது) தாண்டாது என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். மற்ற பகுதிகள் நன்றாக இருக்கும்போது ஓரிடம் மட்டும் எப்படித் தேயும் என்பது எனக்கு விளங்கவில்லை.

மறுமொழி (திருமங்கலம்):

உங்கள் ஐயம் சரியானது, அம்மா. தேய்மானம் மேட்டிலிருந்துதான் தொடங்கும். நாடாவில் உள்ள எழுத்துகள் கைபட்டுத் தேய்ந்திருந்தால், அதற்குள் முகப்பின் கூந்தல் சுருள்களும் கழுகின் இறகுக் கோடுகளும் சேர்ந்தே மழுங்கியிருக்க வேண்டும். தலைப்பட்டையின் ஏழு எழுத்துகளும் இப்படித் தப்பியிருக்க முடியாது.

பிலடெல்பியா நாணயச் சாலைக்கு நீராவி அழுத்தப்பொறி வந்தது 1836இல்தான். அதுவரை, 32.5 மில்லிமீட்டர் அகலமுள்ள இந்த நாணயத்துக்கான வில்லைகளை, அதாவது அச்சடிக்காத வெற்று வெள்ளி வட்டுகளை, ஆட்கள் கையால் சுழற்றும் திருகுப் பொறியில்தான் அடித்தார்கள். விளிம்பில் ‘ஃபிஃப்டி சென்ட்ஸ் ஆர் ஹாஃப் எ டாலர்’ என்ற எழுத்துகளை முன்னதாகவே பொறித்துவிட்டு, விளிம்பை இறுகப் பிடிக்கும் வளையம் இல்லாமல் அடித்ததால், வெள்ளி அச்சின் பள்ளங்களுக்குள் ஏறுவதற்குப் பதிலாக வெளிப்பக்கமாகவும் ஓடியது. ஒரு பக்க அச்சின் ஆழமான பள்ளத்துக்கு நேர் எதிரே மறுபக்க அச்சிலும் பள்ளம் இருந்தால், இரண்டையும் நிரப்பும் அளவுக்கு உலோகம் போதாது. இந்த நாணயத்தில் முகப்பின் அடிப்பகுதிக்கு நேர் பின்னே வருவது மறுபுறத்தின் மேற்பகுதி. அதனால்தான், பெண்ணுருவத்தின் ஆடையைத் தோளில் பிணைக்கும் கொக்கி மங்கும் நாணயங்களில் பெரும்பாலும் அந்த நாடாவும் மங்குகிறது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். மங்கிய எழுத்துகளின் மேல் ஆள்காட்டி விரலை வைத்து, அதே இடத்தின் மறுபக்கத்தில் கட்டைவிரலை வையுங்கள். சுற்றியுள்ள பகுதி தெளிவாக இருக்க, கட்டைவிரல் இருக்கும் இடமும் மொண்ணையாக இருந்தால் அது அச்சு சரியாக விழாத குறை. பிறகு ஒற்றை விளக்கின் கீழே, பத்து மடங்கு லென்ஸில், நாணயத்தை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். தேய்ந்த இடம் கூழாங்கல் போல வழவழப்பாக, ஒரே சீரான சாம்பல் நிறத்தில் இருக்கும். அச்சு விழாத இடத்தில், அடிப்பதற்கு முன்பே வில்லையில் இருந்த நுண்குழிகளும் கீறல்களும் நசுங்காமல் அப்படியே தெரியும். ஒரு சிக்கல்: நன்றாகப் புழங்கிய நாணயத்தில் அந்தச் சொரசொரப்பும் தேய்ந்து போயிருக்கலாம். அப்போது விரல் சோதனையும் அக்கம்பக்கத்துப் பகுதிகளின் நிலையுமே வழிகாட்டும்.

எடையும் உங்கள் பக்கமே பேசுகிறது. அன்றைய சட்ட எடை 13.48 கிராம், 13.31 என்பது மிதமாகப் புழங்கிய நாணயத்தின் எடை. என் கணிப்பு ‘வெரி குட்’டுக்கு மேலான ‘ஃபைன்’ தரத்துக்குக் குறையாது; சுருள்களும் இறகுகளும் தெளிவாக இருந்தால், அமெரிக்க நாணய ஆய்வாளர் ஷெல்டன் 1949இல் வகுத்த 70 புள்ளி அளவுகோலில் 20, அதாவது அதற்கும் மேலான ‘வெரி ஃபைன்’.

வைகை மணலில் கிடைக்கும் பாண்டியர் செப்புக் காசில் பாதி மீன் மட்டும் இருந்தால், மீதி தேய்ந்துவிட்டது என்று நம்மூர்ச் சேகரிப்பாளர் எவரும் சொல்வதில்லை. அச்சு பெரிது, காசு சிறிது என்பது நமக்குத் தெரியும். அந்த நியாயத்தை இந்த வெள்ளிக் காசுக்கும் கொடுக்கத்தான் வேண்டும்.

மறுமொழி (மேலூர்):

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் விலை வேறு கணக்கு. தரம் என்பது நாணயம் எவ்வளவு புழங்கியது என்பதைச் சொல்கிறது; வாங்குபவரோ கண்ணுக்குத் தெரிவதற்குத்தான் பணம் கொடுக்கிறார். வாசகம் முழுமையாக விழுந்த அதே தர நாணயம் பக்கத்தில் இருந்தால், அதைத்தான் எடுப்பார். எனவே விற்பதாக இருந்தால், ‘வெரி ஃபைன், நாடாவில் அச்சு மங்கல்’ என்று இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்கிறேன். குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் விபூதி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். என்னிடம் இருந்த ஒரு பழைய வெள்ளி ரூபாயை வீட்டில் அப்படித் தேய்த்துப் பளபளக்க வைத்தார்கள். லென்ஸில் பார்த்தால் உருவமும் எழுத்தும் இல்லாத சமதளப் பகுதி முழுக்க மயிரிழைக் கீறல்கள். துலக்கிய நாணயத்துக்கு, தரம் மதிப்பிடும் நிறுவனங்கள் தர எண் தராமல், சுத்தம் செய்யப்பட்டது என்று குறித்துத் திருப்பிவிடும்.

கேள்வி கேட்டவர் (பசுமலை):

இருவருக்கும் நன்றி. நேற்றிரவு விளக்கடியில் பார்த்தேன். எழுத்து இல்லாத இடத்துக்கு நேர் பின்னால் தோள் கொக்கி தட்டையாக இருக்கிறது. சற்றுத் தள்ளிக் காதோரச் சுருள்கள் இழை பிரிந்து தெரிகின்றன. நாடாவின் வெற்றிடத்தில் ஊசிமுனை அளவில் மூன்று குழிகள் தெரிந்தன. அம்மா துலக்கித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று காகித உறையில் போட்டு வைத்துவிட்டேன்.