டியூப் எட்டாத இடத்தில் பட்டுப்போன கன்றுகள்

வேப்பநிழல், கோயம்புத்தூர்

தெருமுனைப் பூங்காக்களைச் சீராக்கும் வேலையில் இறங்கியவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். உங்கள் அனுபவங்களைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே எங்களுடையதை முதலில் எழுதுகிறேன்.

எங்கள் பூங்கா நாற்பது சென்ட் ரிசர்வ் சைட். லேஅவுட் போட்டபோது பொது உபயோகத்துக்கு என்று ஒதுக்கிய இடம். 2011-இல் மாநகராட்சி எல்லையை விரித்து 72 வார்டுகளை 100 ஆக்கியபோது எங்கள் பேரூராட்சியும் கோவைக்குள் வந்தது. அதன் பிறகும் பல ஆண்டுகள் அந்த இடத்தில் சீமைக்கருவேலமும் கட்டட இடிபாடுகளுமே கிடந்தன. ஒருவழியாகப் பூங்கா வந்தது. சுற்றுச்சுவர், நடைபாதை, ஊஞ்சல், சறுக்குமரம், கழிப்பறை, அறுபத்திரண்டு மரக்கன்றுகள். திறந்த அன்று தெருவே திரண்டு வந்தது. என் பேத்தி ஊஞ்சலை விட்டு இறங்க மாட்டேன் என்று அழுதாள்.

இரண்டாவது கோடையில் கன்றுகளில் ஏறக்குறைய பாதி பட்டுப்போய்விட்டன. சங்கத்தில் கூட்டம் போட்டோம். நீரூற்று வேண்டும் என்றார் ஒருவர். உடற்பயிற்சிக் கருவிகள் என்றார் இன்னொருவர். நுழைவாயிலில் வளைவு, சுவரில் ஓவியம், செயற்கைப் பாறை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். செயலாளர் என்ற முறையில் பதினேழு கோரிக்கைகளை எழுதி முடித்தேன். பூங்காவுக்குத் தண்ணீர் விட வரும் அம்மா ஓரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் மெதுவாக, "ஐயா, இதெல்லாம் அப்புறம் செய்துகொள்ளலாம். எனக்கு இன்னொரு அறுபது அடி டியூப் வாங்கிக் கொடுங்கள்" என்றார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவரோடு போனேன். கிழக்குச் சுவரின் நடுவில் மோட்டார் அறை. பூங்கா முழுவதற்கும் இருந்த ஒரே குழாய் அங்கேதான். டியூபின் நீளம் எண்பது அடி. அதை முழுதாக இழுத்துப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் நடந்தார், நான் சுண்ணாம்புத் தூளைத் தூவிக்கொண்டே பின்னால் போனேன். வடக்குச் சுவர் அருகே தொடங்கித் தெற்குச் சுவர் வரை அரைவட்டமாக ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. கோட்டுக்கு உள்ளே முப்பத்து மூன்று கன்றுகள், அவற்றில் இரண்டே பட்டிருந்தன. வெளியே இருபத்தொன்பது. அவற்றில் மூன்று மட்டும் உயிரோடு நின்றன. இரண்டு, மேல்நிலைத் தொட்டி வழிந்து ஓடும் வழியில் இருந்தவை. மூன்றாவது ஒரு புங்கன். மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுப் பாட்டி தினமும் அரிசி கழுவிய தண்ணீரைச் சுவருக்கு மேலாக அதற்கு ஊற்றி வந்திருக்கிறார்.

"முன்பே சொல்லியிருக்கலாமே அம்மா" என்றேன். "மூன்று மேற்பார்வையாளர்கள் மாறிவிட்டார்கள். கேட்டவர்களிடம் எல்லாம் சொன்னேன். குடத்தில் சுமந்தும் ஊற்றிப் பார்த்தேன், முழங்கால் இடம் கொடுக்கவில்லை" என்றார். அந்தச் சுண்ணாம்புக் கோட்டின் மேல் நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது. மண் சரியில்லை, கன்று சரியில்லை, கோவை வெயில் தாங்காது என்று எத்தனையோ காரணங்களைக் கூட்டங்களில் பேசியிருக்கிறோம். தினமும் அங்கே நிற்கும் ஒருவரை நாங்கள் ஒருநாளும் அழைத்துக் கேட்கவில்லை.

பதினேழு கோரிக்கைகளையும் கிடப்பில் போட்டோம். சங்கத்தில் ஏழு பேர் முறை வைத்துக்கொண்டு பதினான்கு நாட்கள் பூங்காவில் உட்கார்ந்து, எந்த நேரத்தில் யார் வருகிறார்கள், எங்கே உட்காருகிறார்கள் என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்தோம். மாலை ஆறே முக்காலுக்குப் பிறகு பெண்கள் ஒருவரும் இல்லை. காரணம், இருந்த ஒரே பெரிய விளக்கு வாசலில். நடைபாதை கழிப்பறைக்குப் பின்னால் திரும்பும் இடம் கும்மிருட்டு. இரண்டு கல் பெஞ்சுகளும் மேற்கு வெயிலைப் பார்த்துக் கிடந்ததால் மூன்றிலிருந்து ஐந்தரை வரை யாரும் உட்காரவில்லை. பின்சுவரில் ஒரு பக்கம் இடிந்து திறந்து கிடந்தது. அதை அடைக்கச் சொல்லி மனுக் கொடுத்திருந்தோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாற்பது பேர் பெரிய சாலையைத் தொடாமல் வீடு போகும் வழி அது என்று நோட்டு சொன்னது. உடனே மனுவை மாற்றி, அங்கே ஒரு சிறிய கதவு கேட்டோம்.

வார்டு மக்கள் கவுன்சிலரோடு கூடிப் பேசுவதற்காக 2022 முதல் நடக்கும் பகுதி சபைக் கூட்டத்தில் அந்த நோட்டையே கவுன்சிலர் முன்னால் வைத்தோம். மேற்குப் பக்கம் இரண்டு குழாய்கள், கழிப்பறைக்குப் பின்னால் விளக்கு, பெஞ்சுகளை இடம் மாற்றுவது, பின்கதவு. இவ்வளவுதான் கேட்டோம். நீரூற்றுக்குச் சொன்ன எஸ்டிமேட்டில் கால்பங்குகூட ஆகவில்லை. டியூபைச் சங்கமே வாங்கியது. தினமும் தண்ணீர் கேட்ட கொரியன் புல்லை எடுத்துவிட்டு அருகம்புல் விட்டோம். உதிர்ந்த இலைகளை எரிப்பதை நிறுத்தி, கன்றுகளின் அடியில் ஈரம் காயாமல் இருக்க மூடாக்காகப் போடுகிறோம். கோடையில் இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விட்டாலே இப்போது தாங்குகிறது.

உங்கள் பூங்காக்களில் நடந்ததை எழுதுங்கள்.

மாம்பலத்துக்காரன், சென்னை

ஐயா, அந்தச் சுண்ணாம்புக் கோடு நெஞ்சில் நிற்கிறது. நான் மரங்களைப் பற்றிச் சொல்கிறேன்.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். மறுநாள் காலை எங்கள் தெருப் பூங்காவின் கதவைத் திறக்க முடியவில்லை, உள்ளே மரம் விழுந்து அடைத்துக்கொண்டிருந்தது. மரம் அறுக்க வந்த பெரியவர் ஒருவர் என்னை அழைத்து, விழுந்த ஒரு தூங்குமூஞ்சி மரத்தின் வேரைக் காட்டினார். அவ்வளவு பெரிய மரத்துக்கு ஒரு சாப்பாட்டு மேசை அகலத்துக்குத்தான் வேர்த்தட்டு. சுற்றிலும் உட்கார வசதியாக இருக்கட்டும் என்று சிமெண்ட் மேடை கட்டியிருந்தோம், அதற்கு வெளியே நடைபாதைக் கல். வேர் போக வழியில்லை. "தண்ணீரும் காற்றும் போகாமல் கழுத்தை நெரித்துவிட்டீர்கள்" என்றார். அந்த மேடைக்கு நன்கொடை கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

அன்று விழுந்தவற்றைப் பார்த்தால் தூங்குமூஞ்சி, குல்மோகர், மஞ்சள் பூக்கும் இயல்வாகை ஆகியவையே அதிகம். சீக்கிரம் வளரும், சீக்கிரம் நிழல் தரும் என்று நட்டவை. பூவரசும் புங்கனும் வேம்பும் கிளை முறிந்தாலும் பெரும்பாலும் நின்றன. மறுபடி நட்டபோது இவற்றோடு மகிழமும் வைத்தோம். மகிழம் மெதுவாகத்தான் வளரும், பொறுமை வேண்டும். மரத்தடியில் சிமெண்ட் கூடாது என்று சங்கத் தீர்மானப் புத்தகத்திலேயே எழுதிவைத்தோம். யாராவது மேடை கட்ட நன்கொடையோடு வந்தால் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுகிறோம்.

இன்னொன்று. சென்னையில் இப்போது ஸ்பாஞ்ச் பூங்கா என்று மழைநீரைத் தேக்கி மண்ணுக்குள் இறக்கும் பூங்காக்கள் அமைக்கிறார்கள். நாங்கள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. நடைபாதையை விடப் புல்தரையை முக்கால் அடி தாழ்த்தினோம். முன்பெல்லாம் மழைநீர் பூங்காவிலிருந்து தெருவுக்கு ஓடிவரும். இப்போது உள்ளேயே நின்று வடிகிறது.

மதியநிழல்

என் ஊர்ப் பெயர் வேண்டாம். எங்கள் பூங்கா காலை பத்து மணிக்குப் பூட்டப்படும், மாலை நான்கு மணிக்குத்தான் திறக்கும். யாரும் அதைக் கேள்வி கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

ஒரு பங்குனி மதியம், பூங்காவின் பூட்டிய கதவுக்கு வெளியே நடைபாதையில் மூன்று பெண்கள் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். உள்ளிருந்து சுவரைத் தாண்டி நீண்ட வேப்பங்கிளையின் நிழல் அவர்கள் மடியில் விழும் அளவுக்கு நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வீட்டு வேலை செய்பவர்கள். ஒரு வீட்டு வேலை பன்னிரண்டுக்கு முடிகிறது, அடுத்த வீட்டில் இரண்டரைக்கு வரச் சொல்கிறார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் வீட்டுக்கு ஆறு வருடமாக வருபவர். மதியம் எங்கே சாப்பிடுகிறாய் என்று அவரிடம் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. "கழிப்பறைக்கு என்ன செய்கிறீர்கள் அக்கா?" என்றேன். "தண்ணீர் குடிக்காமல் இருந்துகொள்வோம் அம்மா" என்றார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பூங்காவுக்குள் கழிப்பறை இருக்கிறது, நிழல் இருக்கிறது, பெஞ்சு இருக்கிறது. இவை தேவைப்படும் நேரத்தில் பூட்டு தொங்குகிறது. மதியம் திறந்தால் கண்டவர்கள் வந்து படுப்பார்கள் என்று சங்கத்தில் எதிர்ப்பு வந்தது. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், "சாவியை என்னிடம் கொடுங்கள், நான் அங்கே உட்கார்ந்து படிக்கிறேன்" என்று எழுந்து நின்றார். ஒரு மாதம் சோதனையாகத் திறந்தோம். அது இரண்டு வருடமாகத் தொடர்கிறது. உணவு கொண்டுசேர்க்கும் பையன்கள் வந்து வண்டியை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் கண் அயர்கிறார்கள். படுக்கட்டுமே, அவர்களுக்கும் சேர்த்துத்தானே மரம் வைத்தோம்.

வேப்பநிழல் ஐயா, உங்கள் நோட்டில் மதிய நேரம் இருந்ததா?

பழைய ஓவர்சியர்

நகராட்சிப் பணியில் முப்பத்தோரு ஆண்டுகள் இருந்து ஓய்வுபெற்றவன் நான். பூங்கா கேட்டு மனுக் கொடுப்பவர்கள் பணம் எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கட்டுவதற்கு வரும் பணம் வேறு, காப்பதற்கு வரும் பணம் வேறு. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியில் சுற்றுச்சுவர் கட்டலாம், நடைபாதை போடலாம். தண்ணீர் விடுபவரின் மாதச் சம்பளத்துக்கு அதில் இடமில்லை. அது உள்ளாட்சியின் சொந்த வருவாயிலிருந்து ஆண்டுதோறும் வர வேண்டும். ஆகவே எஸ்டிமேட் போடும்போதே நச்சரியுங்கள். கன்றுகளை நட்ட ஒப்பந்ததாரரே இரண்டு ஆண்டுகள் தண்ணீர் விட்டுக் காக்க வேண்டும், பட்டுப்போனதை மாற்றி நட வேண்டும், அதுவரை ஒரு பகுதித் தொகையை நிறுத்திவைக்க வேண்டும் என்று டெண்டர் நிபந்தனையில் ஒரு வரி இருந்தால் போதும். நான் பணியில் இருந்தபோது அந்த வரியைச் சேர்த்த இடங்களிலும் சேர்க்காத இடங்களிலும் மரங்களைப் பார்த்தே வித்தியாசம் சொல்லிவிடலாம்.

அதைவிட முக்கியமானது நிலத்தின் காகிதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஓர் அம்மா எனக்குப் போன் செய்தார். ரிசர்வ் சைட்டில் இரவோடு இரவாக எல்லைக் கல் நட்டிருக்கிறார்கள் என்று அழுதார். போய்ப் பார்த்தேன். கல்லின் அடியில் சிமெண்ட் இன்னும் காயவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளாகச் சும்மா கிடந்த இடம், அதைப் பொது உபயோகத்துக்கு எழுதிக் கொடுத்த தானப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. லேஅவுட் அனுமதி வரைபடத்தின் நகல் அந்த அம்மாவின் மாமனாருடைய இரும்புப் பெட்டியில் கிடைத்தது. அதில் பச்சை வண்ணத்தில் "பூங்கா" என்று எழுதியிருந்தது. அந்த ஒரு தாள்தான் இடத்தைக் காப்பாற்றியது.

பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் திறந்தவெளிகளையும் பாதுகாப்பதற்கென்றே தமிழ்நாட்டில் 1959-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது அந்தப் பகுதி மக்கள் வழக்குப் போட்டார்கள். அந்த ஒதுக்கீடு செல்லாது என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே திட்டம் போடும் முன் வரைபடத்தையும் தானப் பத்திரத்தையும் வாங்கி நகலெடுத்து நான்கு வீடுகளில் வையுங்கள்.

வேப்பநிழல், கோயம்புத்தூர்

மதியநிழல் அம்மா, நீங்கள் கேட்டதும் நோட்டை எடுத்துப் பார்த்தேன். பதினொன்று முதல் மூன்று வரை எல்லாப் பக்கமும் வெறுமையாக இருக்கிறது. யாரும் வரவில்லை என்று அர்த்தமில்லை. எங்கள் பூங்காவும் அந்த நேரம் பூட்டிக் கிடந்தது, நாங்களும் வீட்டுக்குப் போய்விட்டோம். இரண்டாவது கணக்கெடுப்பை வைகாசியில் மதியத்துக்கு மட்டும் தனியாக நடத்தப்போகிறோம். இந்த முறை கதவுக்கு வெளியே நின்று குறிப்பதாக முடிவு. தண்ணீர் விடும் அம்மாவிடம் சொன்னேன். "வடக்குச் சந்துப் பக்கம் நில்லுங்கள், அங்கேதான் உட்காருவார்கள்" என்றார். அவருக்கு இதுவும் தெரிந்திருக்கிறது.

ஓவர்சியர் ஐயா, எங்கள் தானப் பத்திரத்தின் நகலுக்கு நேற்று விண்ணப்பம் கொடுத்துவிட்டோம். இரண்டு ஆண்டுப் பராமரிப்பு நிபந்தனையை நீங்கள் எழுதிய வாசகத்திலேயே இங்கே பதிய முடியுமா? புரட்டாசியில் இருபத்தெட்டுக் குழிகள் எடுக்கிறோம். ஐப்பசி மழைக்குள் கன்றுகள் வேர் பிடிக்க வேண்டும்.